உடைந்ததையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்லும் யோசனைகள் என்று ஒரு பக்கம் முழுக்கப் போட்டிருந்தீர்கள். படங்கள் அருமை. ஆனால் படித்து முடித்ததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. பேசிய எல்லோரும் எந்த நங்கூரம் சிறந்தது, எந்தப் பாய்த்துணி சிறந்தது, எந்த நீளப் படகு தனி ஆளுக்குத் தோது என்றே சொல்லிக்கொண்டு போகிறார்கள். தன் படகில் என்ன உடைந்தது, தான் எங்கே கோட்டை விட்டேன் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. அதிலும் ஒருவர், பதினான்கு வருஷமாக அதே படகு, ஒரு கம்பிகூட மாற்றியதில்லை, ஒன்றுமே உடையவில்லை என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் கடைசியில் வருகிறேன்.

நான் பத்தொன்பது வருஷமாகப் படகு வைத்திருக்கிறேன், இப்போது இருப்பது மூன்றாவது. இத்தனை வருஷத்தில் எனக்கு உருப்படியாகப் பயன்பட்ட யோசனை ஒவ்வொன்றும், யாரோ ஒருவர் தன் முட்டாள்தனத்தை வெட்கப்படாமல் சொன்னதிலிருந்து வந்ததுதான். அதனால்தான் இந்தக் கடிதம்.

இரண்டாவது படகு வாங்கிய முதல் வருஷம் பில்ஜில், அதாவது தரைப்பலகைக்குக் கீழே இருக்கும் அடிக்குழியில், தண்ணீர் சேர்ந்துகொண்டே இருந்தது. ஒரு வாரம் ஒரு வாளி, இன்னொரு வாரம் மூன்று வாளி, சில வாரம் ஒன்றுமே இல்லை. கடல் உள்ளே வருகிறது என்று முடிவு கட்டிவிட்டேன். தெரிந்த படகுக்காரர்களையெல்லாம் கேட்டேன், ஆளுக்கொன்று சொன்னார்கள். குழாய்களை மாற்று என்றார் ஒருவர், மாற்றினேன். இன்னும் பெரிய பம்பு போடு என்றார் இன்னொருவர், போட்டேன். புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் இடத்தில் அடைப்புக் கயிறு திணித்த ஒரு கூடு இருக்கும், அதை இறுக்கு என்றார் மூன்றாமவர். ஒரு சொட்டுகூட விழாத அளவுக்கு இறுக்கினேன். அங்கேதான் தப்பு செய்தேன். தண்டு சுழலும்போது அந்தக் கூட்டிலிருந்து நிமிடத்துக்குச் சில சொட்டு விழத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. ஒரு மணி நேரம் எஞ்சினை ஓட்டிவிட்டுக் கை வைத்தால் கூடு கொதிக்கிறது. பின்னால் கழற்றிப் பார்த்தபோது தண்டில் நகத்தால் தடவினாலே தெரிகிற மாதிரி கோடு விழுந்திருந்தது. தண்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

பில்ஜில் தண்ணீர் மட்டும் அப்படியே வந்துகொண்டிருந்தது.

பக்கத்து மிதவையில் கட்டியிருந்த பெரியவர் ஒருவர் நான் வாளியோடு ஏறி இறங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், "தம்பி, அந்தத் தண்ணியை நாக்குல வச்சுப் பார்த்தியா?" என்றார். பார்க்கவில்லை. மூன்று மாதத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை. விரல் நுனியில் ஒரு சொட்டு தொட்டு வைத்துப் பார்த்துவிட்டு உடனே துப்பினேன் (பில்ஜில் டீசலும் எண்ணெயும் கலந்திருக்கும், விழுங்கிவிடாதீர்கள்). உப்பே இல்லை. அப்படியென்றால் ஒன்று குடிநீர்த் தொட்டி ஒழுக வேண்டும், இல்லை மழை. தொட்டியைக் காலி செய்துவிட்டு ஒரு மழைக்குக் காத்திருந்தோம். மழை வந்தது, பில்ஜிலும் தண்ணீர் வந்தது. அந்தப் படகில் பாய்மரம் மேல்தளத்தோடு நிற்காமல் உள்ளே இறங்கி கீல் மேல், அதாவது படகின் அடியில் நீளமாக இருக்கும் கனமான முதுகெலும்பின் மேல், நின்றது. உச்சியில் கயிறுகள் உள்ளே போகும் வாய் வழியாக மழை இறங்கி, மரத்தின் உள்ளேயே வழிந்து, அடியில் உள்ள துளை வழியாக பில்ஜுக்கு வந்துவிடும். அந்த வகைப் படகில் அது சகஜம், அதை ஓட்டை என்றே யாரும் சொல்ல மாட்டார்கள். இல்லாத ஓட்டையை அடைக்கப் போய், நன்றாக இருந்த தண்டைக் கெடுத்திருக்கிறேன். பெரியவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "நான் இதே மாதிரி ஒரு சீசன் பூரா ஓட்டை தேடினேன்" என்றார். மற்றவர்கள் எல்லோரும் எனக்குத் தீர்வு சொன்னார்கள், அவர் ஒருவர்தான் தான் ஏமாந்த கதையைச் சொன்னார்.

சரி, அனுபவஸ்தர் சொன்னால் போதுமா என்றால் அதுவும் போதாது. எந்தத் தண்ணீரில் கிடைத்த அனுபவம் என்று கேட்க வேண்டும். வெண்கல புரொப்பெல்லரும் எஃகுத் தண்டும் ஒரே தண்ணீரில் கிடந்தால், ஒன்று இன்னொன்றை மின்வேதியியல் முறையில் அரிக்கும். அதைத் தடுக்க இன்னும் எளிதாக அரிபடும் உலோகத் துண்டு ஒன்றைக் கட்டிவிடுவோம், அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும். உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம், நல்ல தண்ணீருக்கு மக்னீசியம், இரண்டும் கலந்த முகத்துவாரம் போன்ற இடத்துக்கு அலுமினியம் என்பது பொதுவான கணக்கு. எனக்கு மக்னீசியம் போடச் சொன்னவர் முப்பது வருஷ அனுபவஸ்தர், சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவருடைய முப்பது வருஷமும் ஏரியில் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடல் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் மக்னீசியம் அதில் கரைந்து ஓடிவிடும். அந்த சீசன் பாதியில் முக்குளித்துப் பார்த்தபோது துண்டு இருந்த இடத்தில் போல்ட் மட்டும் இருந்தது.

நங்கூரம் பற்றி உங்கள் பக்கத்தில் பாதி இடம் போயிருக்கிறது. எந்த மாடல் என்ற சண்டை முடிகிற சண்டை இல்லை, அதில் நான் இறங்கவில்லை. ஆனால் நங்கூரம் இழுபட்ட ராத்திரிகளைப் பற்றி நான் கேட்ட கதைகளில் பெரும்பாலும் குற்றவாளி நங்கூரம் இல்லை, கணக்குதான். நங்கூரம் மண்ணைக் கடிக்க வேண்டுமென்றால் இழுப்பு மேல்நோக்கி இல்லாமல் தரையோடு தரையாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு, காற்று அதிகமென்றால் ஏழு மடங்கு சங்கிலி விடச் சொல்கிறார்கள். ஆழமானி 4 மீட்டர் காட்டுகிறது, ஐந்து மடங்கு 20 மீட்டர் என்று சங்கிலியை விட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தவன் நான். அணியத்தில், அதாவது படகின் முன் நுனியில், சங்கிலி உருளும் இடம் தண்ணீருக்கு மேல் 1 மீட்டர். ராத்திரி ஏற்றத்தில் கடல் மட்டம் உயர்ந்தால் இன்னும் 2 மீட்டர். ஆக உண்மையான ஆழம் 7. விட வேண்டியது 35 மீட்டர், நான் விட்டிருந்தது மூன்று மடங்குகூட இல்லை. அதிகாலை மூன்று மணிக்கு யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம் கேட்டு எழுந்தேன். என் படகின் பின்பக்கம் இன்னொருவர் படகின் பக்கவாட்டைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் கையில் டார்ச்சோடு நின்றுகொண்டிருந்தார், திட்டவில்லை. எத்தனை மீட்டர் விட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் திட்டியே இருக்கலாம்.

இப்படிச் சொந்தத் தப்பைச் சொல்வது ஏதோ பெருந்தன்மைக்காக என்று நினைக்க வேண்டாம், உயிர் விஷயமும் இதில் இருக்கிறது. 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் என்ற பாய்மரப் படகுப் பந்தயத்தில், இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்குத் தெற்கே உள்ள ஒரு பாறையைச் சுற்றி வருவது அது, 303 படகுகள் கிளம்பின. நடுவில் புயல் பிடித்துக்கொண்டது. பந்தயத்தில் போனவர்களில் 15 பேர் இறந்தார்கள், 24 படகுகளை ஆட்கள் கைவிட்டுவிட்டுப் போனார்கள். அப்புறம் விசாரணை நடத்தியவர்கள் செய்த காரியம்தான் எனக்குப் பிடித்தது. பந்தயத்தில் ஓட்டியவர்களுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பினார்கள். என்ன பாய் கட்டியிருந்தீர்கள், எத்தனை தடவை கவிழ்ந்தது, எது உடைந்தது, எப்போது படகை விட்டீர்கள். அந்த வருஷம் முடிவதற்குள் அறிக்கை வந்துவிட்டது. கைவிட்ட 24 படகுகளில் மூழ்கியவை ஐந்துதான், மற்றவை மிதந்துகொண்டே இருந்தன என்பது அதில் வந்த முக்கியமான செய்தி. உயிர்காப்பு ராஃப்ட் (ஆபத்தில் ஏறிக்கொள்ளும் காற்றடைத்த மிதவை) தொடர்பான சம்பவங்களில் ஏழு பேர் இறந்திருந்தார்கள், அவர்கள் விட்டுவந்த படகுகள் பின்னால் மிதந்த நிலையில் கிடைத்தன. படகு உன்னை விட்டுப் போனால் ஒழிய நீ படகை விட்டுப் போகாதே என்று இன்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது இது. உள்ளறைக்கு இறங்கும் வாசலை அடைக்கும் பலகைகள், படகு கவிழ்ந்தாலும் கழன்று விழாதபடி கட்டியிருக்க வேண்டும் என்பதும் அந்த விசாரணையில் அழுத்திச் சொல்லப்பட்ட விஷயம். அந்த ஓட்டிகள் கூச்சப்பட்டுக்கொண்டு, எல்லாம் நன்றாகத்தான் செய்தோம், காற்றுதான் அதிகம் என்று எழுதி அனுப்பியிருந்தால் நமக்கு இதெல்லாம் தெரிந்தே இருக்காது.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1969 ஏப்ரலில், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்த முதல் ஆளாகக் கரை சேர்ந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். 32 அடிப் படகு, பத்து மாதத்துக்கு மேல். ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றிப் படித்தால் ரேடியோ செத்தது, குடிநீர் கெட்டது, தானாகத் திசை பிடிக்கும் கருவி உடைந்தது, அடிப்பலகை இடுக்கில் ஒழுக்கு எடுத்து நடுக்கடலில் தண்ணீருக்குள் இறங்கி அடைத்தது என்று பழுதாகத்தான் வருகிறது. ஜெயித்த ஆளே அதை மறைக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் பாய் விரிக்கிற நமக்கென்ன?

நமக்கென்ன என்று எழுதுவது எளிது. எனக்கும் இருந்தது. அதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன், சுற்றிச் சுற்றி இப்போதுதான் வருகிறேன்.

என் முதல் படகை ஒரு தடவை பாறையில் தட்டினேன். வேகம் ஐந்து நாட், அதாவது மணிக்கு ஐந்து கடல் மைல், இருக்கும். முழங்காலில் இடித்துக்கொண்ட மாதிரி ஒரு நிறுத்தம், உள்ளே தட்டுகள் எல்லாம் தரையில், நான் சுக்கான் மேல். ஒரு நிமிடத்தில் அலை தூக்கிவிட்டது, படகு நகர்ந்தது. பில்ஜைத் திறந்து பார்த்தேன், காய்ந்திருந்தது. அடுத்த முறை படகைக் கரையேற்றியபோது கீலின் முன் நுனியில் கைப்பிடியளவு ஈயம் நசுங்கியிருந்தது, பூசிப் பெயின்ட் அடித்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து ஓர் இளைஞருக்கு விற்றேன். தரை தட்டியிருக்கிறதா என்று அவர் கேட்டார். "லேசா ஒரு தடவை, மணல்ல" என்றேன். பாறை என்று சொல்ல வாய் வரவில்லை. விலை குறையும் என்பது ஒரு காரணம், என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

2014 மே மாதம் சீகி ரஃபீகி என்ற 40 அடிப் படகு அட்லாண்டிக் நடுவே கீல் கழன்று தலைகீழாகக் கவிழ்ந்தது. அதிலிருந்த நான்கு பேரும் கிடைக்கவில்லை. கவிழ்ந்த படகைக் கண்டுபிடித்தபோது ராஃப்ட் வைத்த இடத்திலேயே இருந்தது, எடுக்கக்கூட அவகாசம் இல்லாமல் போயிருக்கலாம். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு மறுவருஷம் அறிக்கை வெளியிட்டது. முந்தைய தரை தட்டல்களும் அதற்குச் செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து கீல் பிணைந்திருந்த இடத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது. உள்ளே ஒட்டியிருக்கும் சட்டகம் அடிப்பகுதியிலிருந்து விட்டுப்போனால் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், லேசாகத் தட்டியது என்று நினைப்பதுகூட வெளியே தெரியாத பெரிய சேதத்தை உண்டாக்கலாம் என்றும் சொன்னது. அந்த வரியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 'லேசாக' என்பது என் வார்த்தை.

இதில் நடப்பது என்னவென்றால், கீலின் முன் நுனி பாறையில் மோதி நிற்கும்போது படகு முன்னால் போகப் பார்க்கும், கீல் நெம்புகோல் மாதிரி வேலை செய்து அதன் பின் முனை படகின் அடியை மேல்நோக்கிக் குத்தும். அதனால் நசுங்கல் முன்னால் இருக்கும், உண்மையான அடி பின்னால் இருக்கும். நான் முன்னால் பூசிவிட்டுத் திருப்திப்பட்டுக்கொண்டவன்.

இரண்டு நாள் தயங்கிவிட்டு அந்த இளைஞருக்குப் போன் செய்தேன். மணல் இல்லை, பாறை என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம், அப்போது உள்ளே எந்தக் கதவாவது மூட முடியாமல் போனதா என்று கேட்டார். போனது, குளியலறைக் கதவு அதற்குப் பின் மேல் மூலையில் உரசிக்கொண்டே இருந்தது, பலகை ஊறிவிட்டது என்று நினைத்து நான் இழைத்துவிட்டேன். அவர் படகைக் கரையேற்றித் தரைப்பலகைகளைக் கழற்றினார். கீலின் பின் முனைக்கு நேர் மேலே குறுக்குச் சட்டம் இரண்டு, அடியிலிருந்து விட்டிருந்தன. ஒரு மெல்லிய தகடு உள்ளே போகிற இடைவெளி. நடுவில் நான்கு வருஷம் அவர் குடும்பத்தோடு அதில்தான் போய்வந்திருக்கிறார். சரிசெய்த செலவில் பாதியைக் கொடுத்தேன், அவர் கேட்காமலே. இப்போதும் பேசுகிறோம், ஆனால் முன்பு மாதிரி சிரித்துப் பேசுவதில்லை, அது நியாயம்தான்.

அதனால் ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை படகுக்காரர்களிடம் பேச ஆள் அனுப்பும்போது எது சிறந்தது என்று கேட்க வேண்டாம். உங்களுக்குக் கடைசியாக உடைந்தது எது, அப்போது காற்று எவ்வளவு, படகின் வயசு என்ன, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். பாய் கிழிந்த கதையை விசாரித்துப் பாருங்கள், ஒரு மணி நேரம் முன்பே பாயைச் சுருக்கலாமா என்று அவருக்குத் தோன்றியிருக்கும், இன்னும் கொஞ்சம் பார்ப்போம் என்று விட்டிருப்பார். காற்று 10 நாட்டிலிருந்து 20 ஆனால் பாய் மேல் விழும் சுமை இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. தோன்றிய உடனே சுருக்கு என்பதைப் புத்தகத்தில் படித்து யாரும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை, கிழித்துத்தான் கற்றுக்கொள்கிறோம். அடுத்தவர் கிழித்ததைக் கேட்டும் கற்றுக்கொள்ளலாம், செலவு மிச்சம்.

பெயர் போட வேண்டாம் என்றால் போடாதீர்கள். படகின் பெயரையும் விட்டுவிடுங்கள். அடிவாயில் வால்வு, அதாவது படகின் அடியில் தண்ணீர் போய்வரும் துளையை மூடித் திறக்கும் வால்வு, அதன் கைப்பிடி கையோடு வந்துவிட்டது, உள்ளே பித்தளை இளஞ்சிவப்பாகி பிஸ்கட் மாதிரி பொடிந்தது என்று யாரோ ஒருவர் சொன்னால், படிக்கிற இருபது பேர் அன்று மாலையே தங்கள் வால்வைச் சுரண்டிப் பார்ப்பார்கள். சிவந்திருந்தால் துத்தநாகம் போய்விட்டது, செம்புக் கூடுதான் மிச்சம் என்று அர்த்தம். ஒன்றரை அங்குலத் துளை நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே திறந்துகொண்டால் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். ஒவ்வொரு வால்வுக்கும் பக்கத்திலேயே ஒரு கூம்பு வடிவ மரக்கட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது அதற்குத்தான். என் படகில் ஆறு தொங்குகின்றன. பார்க்கிறவர்கள் தோரணமா என்று கேட்கிறார்கள்.

கடைசியாக, பதினான்கு வருஷமாக ஒரு கம்பிகூட மாற்றாத அந்த நண்பருக்கு. பாய்மரத்தைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் பத்திலிருந்து பதினைந்து வருஷத்துக்குள் மாற்றப்பட வேண்டியவை என்பதே படகுக்காரர்களிடையே பொதுவாக உள்ள கணக்கு. பெயர்தான் துருப்பிடிக்காதது, காற்றுப் படாமல் உப்புத் தண்ணீர் தேங்கும் இடுக்கில் அதுவும் உள்ளுக்குள் அரிக்கும். வெளியே பளபளவென்றுதான் இருக்கும். ஒரு டிஷ்யூ காகிதத்தை எடுத்துக் கம்பியைச் சுற்றிப் பிடித்து, முனைக் குழாய்க்குள் நுழைகிற இடத்தில் மெதுவாகத் தடவுங்கள். வெறும் கையால் வேண்டாம், என் உள்ளங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. காகிதம் எங்காவது மாட்டிக் கிழிந்தால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. கிழிந்ததா இல்லையா என்பதை இதே பகுதிக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாறையை மணல் என்று சொன்ன படகுக்காரர்